சூப்பு வேண்டாத சிறுமி

குழந்தை சாப்பிடமாட்டேன் என்று முரண்டு பிடிப்பது உலகத்தில் புதிய விஷயம் அல்ல. நம் நேயர்களில் எந்தத் தாயாரைக் கேட்டாலும் இதைப் பற்றி ஒரு பாரதமே சொல்லக் கூடும். ஆனால் ஒரு சிறுமி சூப்புக் குடிக்க மறுத்த கதையை ஒரு தேசம் முழுவதும் அறுபது வருஷத்துக்கு மேலாக மறக்கவில்லை என்றால், அது எந்தச் சிறுமி, எந்தச் சூப்பு என்று சற்று விசாரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

சிறுமியின் பெயர் மஃபால்டா. ஊர், தென் அமெரிக்காவில் ஆர்ஜெண்டினா தேசத்தின் தலைநகரமாகிய புவனோஸ் ஐரிஸ். வயது ஆறு. காடு போல் அடர்ந்த கறுப்புத் தலைமயிர். அதன் உச்சியில் ஒரு ரிப்பன் முடிச்சு. பூரண சந்திரனைப் போன்ற முகம். திறந்தால் முகத்தில் பாதியை அடைத்துக் கொள்ளும் வாய். எலும்பும் சதையுமாகப் பிறந்தவள் அல்லள். 1964-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 29-ந் தேதி ஒரு வாரப் பத்திரிகையின் பக்கத்தில் மசியினால் பிறந்தவள். அவளுடைய சித்திரக் கதை 1973-ஆம் வருஷம் ஜூன் மாதம் 25-ந் தேதி முடிந்தது. ஒன்பது வருஷந்தான். மொத்தம் ஏறக்குறைய 1,900 துண்டுச் சித்திரங்கள். அவ்வளவுதான் அவளுடைய ஆயுள். ஆனால் அன்று அவளைப் படித்துச் சிரித்த குழந்தைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அந்தப் பேரன் பேத்திகளும் அவளையே படித்துச் சிரிக்கிறார்கள்.

அடங்காத பெண் குழந்தையைப் படத்தில் போட்டுச் சிரிக்க வைக்கும் வித்தையை ஆர்ஜெண்டினாக்காரர்தான் கண்டுபிடித்தார் என்று நாம் சொல்லவில்லை. 1935-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் 'ஸாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் 'லிட்டில் லூலூ' என்ற குறும்புக்காரி தோன்றினாள். அவளைச் சிருஷ்டித்தவர் மார்ஜ் என்று கையெழுத்திட்ட ஒரு பெண்மணி. முதல் படத்திலேயே லூலூ ஒரு கல்யாண ஊர்வலத்தில் பூ இறைத்துக் கொண்டு வரவேண்டியவள், பூவுக்குப் பதிலாக வாழைப்பழத் தோலை இறைத்துக் கொண்டு வந்தாள்! பின்னால் வந்த புத்தகங்களில், பெண்களுக்கு இடமில்லை என்று பலகை மாட்டிக்கொண்டு பையன்கள் ஒரு குடிசையில் சங்கம் கூட்டுவார்கள். லூலூ அவர்களைத் தன் புத்தியால் வென்று வருவாள். அருமையான பெண்தான். ஆனால் லூலூவின் சண்டை பக்கத்து வீட்டுப் பையன்களோடு முடிந்து விடுகிறது. மஃபால்டாவின் சண்டையோ பூமி உருண்டையோடு.

மஃபால்டாவை வரைந்தவர் கீனோ. முழுப் பெயர் ஹோவாக்கின் ஸால்வடோர் லவாடோ. 1932-ஆம் வருஷம் ஜூலை 17-ந் தேதி, ஆண்டீஸ் மலை அடிவாரத்தில் உள்ள மெண்டோஸா நகரத்தில், ஸ்பெயின் தேசத்திலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஹோவாக்கின் என்ற பெயரிலேயே அவருக்கு ஒரு மாமா இருந்தார். அவரும் படம் வரைகிறவர். இருவரையும் பிரித்துச் சொல்வதற்காகச் சின்னவரைக் கீனோ என்று வீட்டில் அழைத்தார்கள். அந்த மாமா ஒரு நாள் குழந்தையை வேடிக்கை காட்டுவதற்காகப் பென்ஸிலால் படம் போட்டுக் காட்டியதைப் பார்த்துத்தான் தமக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கீனோ பிற்காலத்தில் சொல்வதுண்டு. பதின்மூன்றாவது வயதில் தாயை இழந்தார். பதினாறு நிரம்புவதற்கு முன்போ பின்போ தகப்பனாரும் போய்விட்டார். 1954-ல் தலைநகருக்கு வந்து பத்திரிகாலயங்களின் படிகளில் ஏறி இறங்கினார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் உபதேசம் என்ன தெரியுமா? இராணுவத்தைப் பற்றி வேடிக்கை செய்யாதே. மதத்தைப் பற்றி வேடிக்கை செய்யாதே. ஆண் பெண் விஷயத்தை எடுக்காதே. இந்த மூன்றையும் விட்டுவிட்டால் ஒரு விகடச் சித்திரக்காரருக்கு மிச்சம் இருப்பது என்ன? வீடும், சாப்பாட்டு மேஜையும், குழந்தைகளுந்தான். கீனோ அந்த மிச்சத்தை எடுத்துக் கொண்டார். அதற்குள்ளேயே மற்ற மூன்றையும் எப்படிக் கொண்டு வந்தார் என்பதுதான் அவருடைய சாமர்த்தியம்.

மஃபால்டாவின் பூர்வ கதையைக் கேட்டால் நேயர்கள் நம்பமாட்டார்கள். புரட்சிக்காரி என்று பெயரெடுத்த இந்தப் பெண் பிறந்தது, குளிர் பெட்டி முதலிய வீட்டுச் சாமான்களை விற்பதற்காக! ஸியாம் டி டெல்லா என்ற கம்பெனி 'மான்ஸ்ஃபீல்ட்' என்ற பெயரால் சாமான்களை விற்க எண்ணியது. 1962-ல், ஒரு குடும்பத்தைப் பற்றிய சித்திரக் கதை வேண்டும். அதில் இந்தச் சாமான்கள் தற்செயலாகக் காணப்படுவதுபோல் காணப்பட வேண்டும். பாத்திரங்களின் பெயர் 'மா' என்ற ஒலியில் ஆரம்பமாக வேண்டும் என்று உத்தரவு. கீனோ அவ்வாறே வரைந்து கொடுத்தார். அக்காலத்திய சினிமாப் படம் ஒன்றில் ஒரு குழந்தைக்கு இருந்த பெயரை எடுத்துச் சிறுமிக்கு வைத்தார். ஆனால் பத்திரிகைக்காரர்கள், இது கதை அல்ல, காசு கொடுக்காமல் போடப் பார்க்கும் விளம்பரம் என்று கண்டு கொண்டு திருப்பி அனுப்பி விட்டார்கள். விளம்பரமும் நடக்கவில்லை, அந்தச் சாமானும் அந்தப் படத்தால் விற்கவில்லை. சித்திரங்கள் கீனோவின் மேஜை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக் கொண்டன.

இரண்டு வருஷம் கழித்து, 'பிரிமேரா பிளானா' என்ற வாரப் பத்திரிகையில் பொறுப்பிலிருந்த ஹூலியான் டெல்காடோ என்ற நண்பர் புதிதாக ஏதேனும் உண்டா என்று கேட்டார். கீனோ இழுப்பறையைத் திறந்தார். டெல்காடோவின் பெயரை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். பின்னால் ஒரு முறை அந்தப் பெயருக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

மஃபால்டாவின் வீட்டுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். பெரிய வீடு அல்ல. அடுக்கு வீட்டில் ஒரு பகுதி. தகப்பனார் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. சம்பளம் மாதக் கடைசி வரையில் வந்து சேராது. அவருக்கு உள்ள ஒரே ஆனந்தம் தொட்டிச் செடிகள். ஆபீஸிலிருந்து வந்து செடிகளுக்கு நடுவில் நின்றால் மனிதர் வேறு ஆளாகி விடுவார். எறும்பைக் கண்டால் மாத்திரம் அவருக்கு யுத்த வெறி வந்துவிடும். தாயார் படிப்பைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்து கொண்டவள். துவைப்பது, பெருக்குவது, இஸ்திரி போடுவது, சமைப்பது; மறுபடியும் துவைப்பது. இந்த இரண்டு சாதுக்களுக்கும் நடுவில் தினந்தோறும் மாலையில் ஒரு கேள்வி வந்து விழும். வியட்நாமில் ஏன் சண்டை நடக்கிறது? சீனாக்காரர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? அணுகுண்டு வைத்திருப்பவர்கள் இரவில் தூங்குவார்களா? கேள்வி விழுந்த உடனே பெற்றோர்கள் இருவரும் நரம்பு அடங்குவதற்குரிய சொட்டு மருந்தைத் தேடிப் போவார்கள்.

நம்மைக் கேட்டால், கீனோவின் மேதைக்கு அடையாளம் மஃபால்டா அல்ல. இந்தத் தகப்பனாரும் தாயாருந்தான். அவர்கள் கொடியவர்களாக இருந்திருந்தால் கதை இரண்டு மாதத்தில் சலித்துப் போயிருக்கும். நல்லவர்கள், குழந்தையை உயிராக நேசிப்பவர்கள், ஆனால் அவளுக்குச் சொல்லப் பதில் இல்லாதவர்கள். படிக்கிற தகப்பனார் யாராயிருந்தாலும், பத்திரிகையைத் தாழ்த்திவிட்டு ஒரு தடவை தம் வீட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துக் கொள்ளாமல் இருக்க முடியாது.

ஒரு படத்தை மாத்திரம் சொல்லுகிறோம். தாயார் வீட்டு வேலையில் மூழ்கி இருக்கிறாள். சுற்றிலும் துணி மூட்டை. மகள் அவள் பக்கத்தில் வந்து, கோபமில்லாமல், பரிகாசமில்லாமல், உண்மையாகத் தெரிந்து கொள்ளும் ஆசையுடனேயே, வாழ்வு என்று ஒன்று உனக்கு இருந்திருக்குமானால் நீ என்னவாக ஆசைப்பட்டிருப்பாய் என்று கேட்கிறாள். அவ்வளவுதான் படம். 1960-க்களில் அதைக் கண்டு சிரித்த கணவன்மார்கள் எத்தனை பேர், சிரிக்காத மனைவிமார்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. நமக்கு அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை.

மஃபால்டாவின் தோழர்களையும் சொல்லாவிட்டால் அவர்கள் கோபித்துக் கொள்வார்கள். ஃபெலிப்பே என்ற பையன். பள்ளிக்கூடம் என்றால் நடுக்கம், வீரர் கதைகள் என்றால் உயிர், வீட்டுப் பாடத்தை நாளைக்கு என்று தள்ளிவிட்டு அந்த நாளையை எண்ணி இன்றைக்கே துக்கப்படுகிறவன். மனோலிட்டோ, மளிகைக் கடைக்காரர் மகன். தலைமயிர் துடைப்பத்தைப் போல் நிற்கும். கணக்கைத் தவிர வேறு பாடம் ஏறாது. உலகத்தையே ஒரு கல்லாப் பெட்டியாகப் பார்ப்பவன். இவனை வரைவதற்குத் தூண்டுதலாக இருந்தவர் மேலே சொன்ன டெல்காடோவின் தகப்பனாரே. அவர் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். ஸூசானிட்டா, பெரிய இடத்தில் கல்யாணம், நிறையக் குழந்தைகள், ஓயாத வம்பு என்ற மூன்று இலட்சியங்களை உடையவள். மிகேலிட்டோ, தன்னைச் சுற்றியே உலகம் சுழல்கிறதென்று எண்ணும் பொடியன். 1970-ல் வந்து சேர்ந்தாள் ஒரு குட்டிப் பெண். மற்றவர்களின் இடுப்பு உயரங்கூட இல்லை. பெயர் லிபர்ட்டாட், அதாவது சுதந்திரம். சுதந்திரம் என்று பெயர் சொன்னவுடன் எல்லோரும் அவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இவ்வளவு சிறியதா என்று அவர்கள் வாய் திறக்கு முன்பே, முட்டாள்தனமான முடிவுக்கு வந்து விட்டீர்களா என்று அவளே கேட்டு விடுவாள். அவளுடைய தாயார் பிரெஞ்சுப் புத்தகங்களை மொழிபெயர்த்துக் குடும்பம் நடத்துகிறவள். தாங்கள் கடைசியாகச் சாப்பிட்ட கோழிக் குஞ்சை எழுதியவர் ஸார்த்தர் என்கிற தத்துவ ஞானியே என்று அந்தக் குட்டி ஒரு நாள் விளக்குகிறது. எழுத்தை நம்பிச் சமையல் செய்யும் வீடுகளில் இதைப் படித்துவிட்டு யாராவது சிரிக்காமல் இருந்தால் அவர்களுக்கு நாம் ஒரு பரிசு கொடுக்கலாம்.

மஃபால்டாவிடம் ஓர் ஆமையும் உண்டு. அதன் நடையைக் கண்டு அதற்கு அவள் வைத்த பெயர் 'சர்க்கார் காரியாலய முறை' என்ற பொருள்படும் ஒரு சொல். விளக்கம் தேவையில்லை என்று நம்புகிறோம்.

இப்படிச் சிரித்துக் கொண்டிருந்த காலத்தில் தேசத்தில் என்ன நடந்தது? 1963-ல் தேர்தலில் ஜயித்துப் பதவிக்கு வந்தவர் ஆர்ட்டூரோ இல்லியா, தொழிலால் வைத்தியர். 1966-ஆம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி இராணுவம் அவரை வெளியேற்றி விட்டு, ஒங்கானியா என்ற தளபதியை ஆசனத்தில் உட்கார்த்தியது. அப்போது மஃபால்டா 'எல் முண்டோ' என்ற தினசரியில் வந்து கொண்டிருந்தாள். மறுநாள் அவள் என்ன சொன்னாள்? கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லவில்லை. தனியாக நின்று வாசகர்களைப் பார்த்து, அப்படியானால் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, அது… என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தி விட்டாள். தணிக்கைக்காரர் எதை வெட்டுவார்? வெட்டுவதற்கு அங்கே வாக்கியமே இல்லையே! ஆனால் படித்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தைத் தங்கள் மனத்துக்குள் முடித்துக் கொண்டார்கள். ஆறு வயதுக் குழந்தையின் பாஷையில் அரசியல் எழுதுவதில் உள்ள பலம் இதுதான். பெரியவன் கேட்டால் அது ராஜத்துரோகம். குழந்தை கேட்டால் அது பாடத்தில் சந்தேகம்.

மற்றொரு சித்திரத்தில் அவள் அகராதியை எடுத்து ஜனநாயகம் என்ற பதத்துக்கு அர்த்தம் பார்க்கிறாள். மக்களே ஆட்சி செய்யும் முறை என்று போட்டிருக்கிறது. சிரிக்க ஆரம்பிக்கிறாள். சாப்பாட்டு வேளையிலும் சிரிப்பு, பெற்றோர் திகைக்கிறார்கள், படுக்கையில் போட்ட பிறகும் சிரிப்பு நின்றபாடில்லை. வார்த்தை ஒன்றும் இல்லாமல் படம் படமாக அந்தச் சிரிப்பு மாத்திரம் போய்க்கொண்டே இருக்கிறது. இது மக்களாட்சியைப் பரிகசிக்கும் படம் என்று எண்ணினால் தவறு. அகராதியில் இருப்பது வீட்டில் இல்லையே என்று சிரிக்கிற சிரிப்பு அது.

சூப்பு விஷயத்துக்கு வருவோம். தாயார் சூப்பைக் கொண்டு வந்து வைக்கிறாள். குழந்தைக்கு அதைப்போல் வெறுப்பான பொருள் உலகத்தில் வேறு இல்லை. உன் நன்மைக்குத்தான் என்று சொல்லிக் குடிக்க வைக்கிறாள். கீனோவே ஒரு சமயம் இதற்குப் பொருள் சொல்லியிருக்கிறார். நாங்கள் தினமும் விழுங்க வேண்டியிருந்த இராணுவ ஆட்சிகளுக்கு அந்தச் சூப்பு ஓர் உவமை என்பது அவர் வாக்கின் கருத்து. நல்ல விளக்கந்தான். ஆயினும் அது உவமையாக மாத்திரம் இருந்திருந்தால் தளபதிகள் போனதோடு சூப்பும் ஆறிப் போயிருக்குமே! உன் நன்மைக்குத்தான் என்று சொல்லி ஊட்டப்படும் வஸ்துக்கள் தளபதிகளிடமிருந்து மட்டுந்தானா வருகின்றன?

நம் மனத்தை மிகவும் தொட்ட சித்திரம் வேறொன்று. மஃபால்டாவிடம் ஒரு பூகோள உருண்டை இருக்கிறது. சில நாள் அதற்கு உடம்பு சரியில்லை என்று படுக்க வைத்துப் பணிவிடை செய்வாள். ஒரு நாள் அதை உற்றுப் பார்த்துத் தன் தேசம் உருண்டையின் கீழ்ப் பாதியில் இருப்பதைக் கண்டு பிடிக்கிறாள். முன்னேறிய தேசங்கள் எல்லாம் மேலே நேராக நிற்கின்றன. நாம் தலைகீழாகத் தொங்குகிறோம். அதனாலேதான் நமக்குத் தோன்றும் யோசனைகள் எல்லாம் தலையிலிருந்து கீழே விழுந்து விடுகின்றன என்று தீர்மானிக்கிறாள். ஸ்பெயினின் ஆதிக்கத்திலிருந்து 1816-ல் விடுதலைப் பிரகடனம் செய்த தேசம் அது. விடுதலை அடைந்து நூற்றைம்பது வருஷம் ஆன பிறகும், படத்தை மேலே பார்த்து வரைந்தவன் யார் என்ற கேள்வி ஒரு குழந்தையின் வாயில் மிஞ்சி இருந்தது. அன்னியர் வரைந்த படத்தில் தம் ஊரைத் தேடிப் பழகியவர்கள் எந்தத் தேசத்தவராயினும் இந்தச் சித்திரத்தை இலேசில் தாண்டிப் போக முடியாது.

1967-ஆம் வருஷக் கடைசியில் 'எல் முண்டோ' மூடப்பட்டது. அந்தச் சமயம் கதையில் மஃபால்டாவின் தாயார் கர்ப்பிணி! பத்திரிகை நின்றதால் பிரசவத்தை வெளியிட இடமில்லாமற் போயிற்று. 1968-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் 'ஸியேட்டே தீயாஸ்' என்ற படப் பத்திரிகையில் கதை மறுபடி தொடங்கியபோது கில்லே என்ற தம்பி ஏற்கனவே பிறந்து விட்டிருந்தான். பத்திரிகாலயத்துக் கதவடைப்பால் பிரசவ வைபவத்தை வாசகர்கள் காணாமற்போன குழந்தை இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறோம்.

அடுத்த வருஷம் இத்தாலியில் புத்தகம் வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் உம்பெர்ட்டோ எக்கோ. அமெரிக்காவின் புகழ் பெற்ற சார்லி பிரௌனையும் மஃபால்டாவையும் அவர் ஒப்பிட்டார். அந்தப் பையன் பெரியவர்களே கண்ணில் படாத ஒரு குழந்தை உலகத்தில் வாழ்கிறான். அதில் இடம் பெறத்தான் ஏங்குகிறான். இவளோ பெரியவர்களின் உலகத்தோடு ஓயாமல் வாதாடுகிறாள். அந்த உலகத்தில் சேருவதற்கு இவளுக்குச் சம்மதமில்லை. செழிப்பான நாட்டுக் குழந்தைக்கும், செழிப்பை எட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும் நாட்டுக் குழந்தைக்கும் உள்ள பேதம் என்று எக்கோ கண்டது சரியான நோக்கு. ஸ்பெயினிலோ அப்போது ஃபிராங்கோவின் ஆட்சி. புத்தகத்தைத் தடுக்கவில்லை, அட்டையின்மேல் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று அச்சிடச் சொன்னார்கள். ஆறு வயதுக் குழந்தையைப் பற்றிய புத்தகத்துக்குக் கிடைத்த இந்தப் பட்டத்தைவிடப் பெரிய பாராட்டை எந்தப் பண்டிதரும் கொடுக்கவில்லை.

1973-ல் கீனோ நிறுத்தி விட்டார். பத்திரிகைக்கும் வாசகர்களுக்கும் மனமில்லை. பணமோ வந்து கொண்டுதான் இருந்தது. சொன்னதையே திருப்பிச் சொல்லத் தொடங்கி விட்டோம் என்று அவருக்குத் தோன்றியது, நிறுத்தினார். வேறு கைகளைக் கொண்டு வரைய வைத்துத் தொடரை நீட்டிக்கவும் இல்லை. எழுத்தாளர்களிலும் சித்திரக்காரர்களிலும் இந்தத் துணிவு உள்ளவர்கள் அபூர்வம். (பங்தி எழுதுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.) அதன் பிறகு குழந்தைகளின் உரிமைகளைப் பற்றி 1959-ல் ஐக்கிய நாடுகள் சபை செய்த பிரகடனத்துக்கு யுனிஸெஃப் படம் கேட்டபோதும், அதுபோன்ற சில பொதுக் காரியங்களுக்கும் மட்டுமே மஃபால்டாவை எடுத்து வரைந்தார். கீனோவுக்கும் அவருடைய மனைவியாருக்கும் குழந்தைகள் கிடையாது.

பின்னால் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தச் சித்திரங்களின் விலை என்ன என்று தெரியாது. 1976-ஆம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி இராணுவம் மறுபடியும் ஆட்சியைக் கைப்பற்றியது. முன்னைய ஆட்சிகள் சூப்பு என்றால் இது விஷம். மனிதர்களை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் பிடித்துக் கொண்டு போனார்கள்; போனவர்கள் போனவர்களே. ஆட்சி முடிந்தபின் அமைத்த விசாரணைக் கமிஷன் 1984-ல் 8,961 பேரைப் பெயர் சொல்லிக் கணக்கிட்டது. மனித உரிமைச் சங்கத்தார் 30,000 என்கிறார்கள்.

மஃபால்டாவின் பழைய சித்திரம் ஒன்று சுவரொட்டியாக அச்சிடப்பட்டுப் பல வீடுகளில் மாட்டப்பட்டிருந்தது. போலீஸ்காரரின் இடுப்பில் தொங்கும் தடியை மஃபால்டா விரலால் சுட்டி, கொள்கைகளை நசுக்குவதற்கு உள்ள குச்சி இதுதான் என்று அறிமுகம் செய்யும் படம் அது. 1976-ஆம் வருஷம் ஜூலை 4-ந் தேதி விடியற்காலையில், புவனோஸ் ஐரிஸில் பெல்கிரானோ பகுதியிலுள்ள ஸான் பட்ரீஸியோ மாதா கோயிலின் விடுதியில் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்தார்கள். மூன்று பாதிரிமாரையும், குருப்பட்டத்துக்குப் படித்துக் கொண்டிருந்த இரண்டு வாலிபர்களையும் சுட்டுக் கொன்றார்கள். அறைச் சுவரிலிருந்த அந்தச் சுவரொட்டியைக் கிழித்து எடுத்து, கொலையுண்டவர்களில் ஒருவரின் சடலத்தின்மேல் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு குழந்தையின் வேடிக்கைப் பேச்சுக்கு அவர்கள் அனுப்பிய பதில் அது.

அந்த வருஷமே கீனோ தம் மனைவியுடன் இத்தாலியில் மிலான் நகரத்துக்குப் போய்விட்டார். இழுப்பறையிலிருந்து மஃபால்டாவை வெளியே அழைத்த டெல்காடோ ஊரிலேயே தங்கினார். பத்திரிகைத் தொழிலையே நடத்தினார். 1978-ல் ஒரு நாள் அவர் காணாமற்போனார். திரும்பி வரவில்லை. மனோலிட்டோ இன்றும் தன் தகப்பனாரின் கடையில் நின்று சில்லறையை எண்ணிக் கொண்டிருக்கிறான். அந்தத் தகப்பனாருக்கு மாதிரியாக இருந்த ரொட்டிக் கடைக்காரரின் உண்மையான மகனைத்தான் காணோம்.

மஃபால்டா ஏன் இன்னும் வாசிக்கப்படுகிறாள் என்ற கேள்விக்குக் கீனோ ஒரு பதில் வைத்திருந்தார். அவள் கேட்ட கேள்விகள் இன்னும் பழசாகவில்லையே என்பது தமக்கு மகிழ்ச்சியல்ல, வருத்தம் என்றார். உலகம் சற்றுத் திருந்தியிருந்தால் அந்தப் புத்தகம் இந்நேரம் யாருக்கும் புரியாமல் போயிருக்க வேண்டும் அல்லவா? அவருடைய வருத்தத்தை நாம் மறுக்கவில்லை. ஆனாலும், உலகத்தின் வியாதிகளைச் சொன்ன புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வியாதி இருக்கும்போதே அவை செத்துப் போய்விட்டன. வியட்நாம் யுத்தம் 1975-ல் முடிந்துவிட்டது. மஃபால்டா உயிராக மதித்த பீட்டில்ஸ் பாடகர்கள் 1970-லேயே பிரிந்துவிட்டார்கள். அந்தச் சமாசாரங்களை இன்றைய குழந்தைக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து வரும் கேள்வியைக் கண்டு தகப்பனார் முகம் வெளுப்பதை மாத்திரம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவள் நல்ல உதாரணந்தானா, வாயாடிப் பெண்ணைக் கொண்டாடலாமா என்று சில பெரியவர்கள் கேட்கக் கூடும். மஃபால்டாவைக் கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும். தகப்பனாரை எத்தனையோ தரம் அவள் திகைக்க வைத்திருக்கிறாள், அவமதித்தது இல்லை. அவர் ஆபீஸில் களைத்துத் திரும்பும் நாளில் அதைக் கண்டுகொள்ளும் முதல் ஆசாமி அவளேதான். பணக்காரியாக வேண்டுமென்று அவள் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. வளர்ந்ததும் ஐக்கிய நாடுகள் சபையில் மொழிபெயர்ப்பாளராகி, சண்டை போடும் தேசங்களின் கடுஞ்சொல்லை இதமாக மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய திட்டம். இதைவிடப் பணிவான புரட்சியை நாம் கேள்விப்பட்டதில்லை. ஸூசானிட்டாவின் கல்யாணக் கனவுகளை அவள் கண்டிப்பாள். ஆனால் மறுநாளும் அவளோடேயே விளையாடப் போவாள். அடங்காத பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள். அவர்களுடைய பெண்கள் எல்லோரையும் ஜயித்துக் கொண்டே போகிறார்கள். மஃபால்டாவோ அனேகமாகத் தோற்றுப் போகிறாள். சூப்பை அவள் குடித்தே தீருகிறாள். குடித்துவிட்டு, அது நன்றாயிருக்கிறது என்று மாத்திரம் சொல்ல மறுக்கிறாள்.

கீனோவுக்கு 2014-ல் ஸ்பெயின் தேசத்தின் அஸ்தூரியாஸ் இளவரசர் பரிசு கிடைத்தது. 2020-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 30-ந் தேதி, பிறந்த ஊராகிய மெண்டோஸாவிலேயே, தமது 88-வது வயதில் காலமானார். மஃபால்டா பிறந்து ஐம்பத்தாறு வருஷம் பூர்த்தியான மறுநாள் அது.

புவனோஸ் ஐரிஸில் ஸான் டெல்மோ என்ற பழைய பேட்டையில், கீனோ முன்பு குடியிருந்த வீட்டுக்கு அருகில், இரண்டு தெருக்கள் கூடும் மூலையில் ஒரு பெஞ்சி போட்டிருக்கிறது. 2009-ல் அதன்மேல் மஃபால்டாவின் உருவத்தைச் செய்து உட்கார வைத்தார்கள். சிற்பி பாப்லோ இர்காங். பீடம் இல்லை, கம்பி வேலி இல்லை. பக்கத்தில் இன்னும் ஒருவர் உட்கார இடம் விட்டிருக்கிறது. அதில் உட்கார்ந்து படம் எடுத்துக் கொள்வதற்காகப் பெரியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். குழந்தைகள் வரிசையில் நிற்பதில்லை. நேரே போய் அவள் மடியில் ஏறி விடுகிறார்கள்.

பத்துச் சிறு தொகுதிகளாக வந்த சித்திரங்கள் இருபதுக்கு மேற்பட்ட பாஷைகளில் கிடைக்கின்றன, ஆங்கிலத்திலும் உண்டு. அகப்பட்டால் வாங்கி வீட்டில் வையுங்கள். இரவு சாப்பாட்டு வேளையில் மட்டும் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். ரசத்தைப் பற்றி அவர்களுக்கும் அபிப்பிராயங்கள் இருக்கக் கூடும்.